டெலி லென்ஸில் ஸ்டெபிலைசேஷன்: கூடுதல் காசு எப்போது கொடுக்கலாம்?

ஒரே லென்ஸ் இரண்டு விலையில் கிடைக்கும்போதுதான் இந்தக் கேள்வி கூர்மையாக வரும். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸ்களில் நிக்கானின் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 அப்படிப்பட்டது. 2016-இல் விஆர் (ஸ்டெபிலைசேஷனுக்கு நிக்கான் வைத்த பெயர்) உள்ளது, இல்லாதது என்று இரண்டு வடிவத்தில் வந்தது. இரண்டிலும் 10 தொகுதிகளில் 14 கண்ணாடிகள். ஒன்று 400 கிராம், மற்றது 415 கிராம். கூடுதலாகக் கொடுக்கும் காசு கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அந்த ஒரு வேலைக்குத்தான் போகிறது.

அந்த வேலை உங்களுக்குத் தேவையா என்பதை லென்ஸின் விளம்பரத்தாள் சொல்லாது. நீங்கள் வழக்கமாக எந்த ஷட்டர் ஸ்பீடில், அசையும் பொருளையா அசையாத பொருளையா எடுக்கிறீர்கள் என்பதுதான் சொல்லும். டெல்டாவில் படமெடுப்பவர்களுக்கு இது பளிச்சென்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கோயில் மண்டபத்துக்குள் டெலி பிடிப்பவருக்கு ஸ்டெபிலைசேஷன் கட்டாயம் வேண்டும். வடுவூர் ஏரியில் வெயில் ஏறியபின் பறக்கும் பறவையை மட்டும் எடுப்பவர் அந்தக் காசை வேறு எதிலாவது போடலாம். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள், அதனால்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கேனான் ஐஎஸ் என்கிறது, நிக்கான் விஆர், சோனி ஓஎஸ்எஸ், டாம்ரான் விசி, சிக்மா ஓஎஸ். எல்லாம் ஒரே காரியம்தான். லென்ஸுக்குள் இருக்கும் சின்ன ஜைரோ சென்சார்கள் ஆட்டத்தை உணர, ஒரு கண்ணாடித் தொகுதி அதற்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து பிம்பத்தை அதே இடத்தில் நிறுத்துகிறது. எஸ்எல்ஆர் கேமராவுக்கு இந்த வசதியோடு முதலில் வந்தது 1995-இல் கேனானின் 75-300 ஐஎஸ். அப்போதும் முதலில் டெலி லென்ஸுக்குத்தான் வைத்தார்கள். நீளம் கூடக்கூட நடுக்கமும் பெரிதாகத் தெரியும் என்பதே காரணம்.

மண்டபத்துக்குள் ஒரு கணக்கு

கையில் பிடித்து எடுக்க எவ்வளவு ஸ்பீடு வேண்டும் என்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு: ஒரு நொடியை லென்ஸின் ஃபோகல் நீளத்தால், அதாவது அதன் மி.மீ. எண்ணால் வகுத்தால் வருவது. கிராப் சென்சார் (ஃபிலிம் அளவைவிடச் சிறிய சென்சார்) கேமரா என்றால் நீளத்தை 1.5-ஆல், கேனானில் 1.6-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 300 மி.மீ. லென்ஸ் 450 ஆகும், ஸ்பீடு 1/500. இது ஃபிலிம் காலத்து விதி. 24 மெகாபிக்சல் படத்தை முழு அளவில் விரித்துப் பார்ப்பவருக்கு 1/500 கூடச் சில நாள் போதாது.

தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயில் முன்மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூணின் மேல்பகுதியில் இருக்கும் சிற்பம் ஒன்றை 300-இல் பிடிக்கிறீர்கள். லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பு, அந்த நீளத்தில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. பகலிலும் உள்ளே வெளிச்சம் மட்டு. சென்சாரின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600 வைத்தால் சுமார் 1/30 கிடைக்கும். நடுக்கமில்லாமல் எடுக்க 1/500 வேண்டும், அதாவது நான்கு ஸ்டாப் குறைகிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). ஸ்டெபிலைசேஷன் இல்லையென்றால் ஐஎஸ்ஓவை 1600-லிருந்து 25,600-க்கு ஏற்ற வேண்டும். கிராப் சென்சாரில் 25,600 என்றால் கருங்கல்லின் சொரசொரப்பு முழுவதும் இரைச்சலில் கரைந்துவிடும். சிற்பி உளியால் விட்ட கோடு எது, சென்சார் போட்ட புள்ளி எது என்று பிரித்தறிய முடியாது.

டிரைபாட் வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். தாராசுரம், தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. டிரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும். ஒற்றைக்கால் மோனோபாடையும் வாசலிலேயே நிறுத்திவிட வாய்ப்புண்டு. ஆக, அசையாத பொருள், மட்டமான வெளிச்சம், கால் வைக்க முடியாத இடம் என்று மூன்றும் சேரும் இடம் அது. ஸ்டெபிலைசேஷன் தன் முழு மதிப்பையும் காட்டுவது இந்த மூன்றும் சேரும்போதுதான்.

பெட்டியில் போட்டிருக்கும் ஸ்டாப் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அது சோதனைக்கூடத்தில் அளவான ஆட்டம் கொடுக்கும் மேடையில் வைத்து எடுத்த எண். நான்கு ஸ்டாப் என்றால் கையில் இரண்டரை முதல் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மண்டபத்தில் ஐஎஸ்ஓ 3200, ஸ்பீடு 1/60 என்று பிடித்து, நான்கு நான்கு படமாகத் தொடர்ந்து அடித்தால் ஒன்றாவது கூர்மையாக விழும். முதல் படத்தில் விரல் அழுத்திய ஆட்டம் இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் பெரும்பாலும் தேறும்.

வெயிலில் என்ன ஆகிறது

வடுவூரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகள் நிறைந்திருக்கும். 600 மி.மீ. வரை போகும் லென்ஸ், எஃப் 6.3. சூரியன் எழும் நேரத்தில் ஐஎஸ்ஓ 800-இல் 1/100 அளவுதான் கிடைக்கும். கொஞ்சம் ஏறியதும் 1/400. பளீரென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 400-லேயே 1/2500 அளவுக்குப் போகும். அந்த ஸ்பீடில் கை நடுக்கம் படத்தில் பதிய நேரமே இல்லை. 1/1000-க்கு மேல் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுவதே நல்லது. பழைய லென்ஸ்கள் சிலவற்றில், ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கண்ணாடித் தொகுதியே கூர்மையைச் சற்றுக் குறைக்கும்.

அதைவிட முக்கியமானது, எதிரே இருக்கும் உயிரின் அசைவை இது நிறுத்தாது. கடைகளில் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கொக்கு கிளையை விட்டு எழும்பும்போது இறக்கை நுனி உறைய 1/2000 வேண்டும். கோடியக்கரையில் துள்ளி ஓடும் வெளிமானுக்கு 1/1000-க்குக் குறையக் கூடாது. சிவராத்திரியில் சிதம்பரம் நாட்டியாஞ்சலி மேடையில் ஆடுபவர் அரைமண்டியில் ஒரு கணம் நின்றால் 1/125 போதும், அடவு நடக்கும்போது 1/500 வேண்டும். நாகஸ்வரக்காரர் வாசிக்கும்போது உடல் நின்றாலும் விரல் ஓடும், 1/250. தவில்காரர் கைக்கு 1/500-உம் போதாது. திருவாரூர் ஆழித்தேர் மெல்லத்தான் நகரும், ஆனால் வடம் இழுப்பவர்கள் அப்படியில்லை. கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவர் இடித்தால் எந்த ஸ்டெபிலைசரும் அதைச் சரிசெய்யாது. அது கையின் மெல்லிய நடுக்கத்துக்கென்று செய்த கருவி.

கோடியக்கரைச் சதுப்பிலும் வேதாரண்யம் உப்பளத்திலும் இன்னொரு சிக்கல் உண்டு. வெயில் ஏறினால் தரையிலிருந்து கானல் எழும்பும். தூரத்துப் பூநாரைக் கூட்டத்தை 600-இல் பிடித்தால் ஓரமெல்லாம் நெளியும். இதைக் கை நடுக்கம் என்று நினைத்து விலை கூடிய லென்ஸுக்கு மாறுபவர்கள் இருக்கிறார்கள். படத்தை விரித்துப் பாருங்கள். கை ஆடியிருந்தால் எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். கானலில் இடத்துக்கு இடம் வேறு வேறு மாதிரி குழைந்திருக்கும், அடுத்தடுத்த படங்களில் குழைவும் மாறும். கானலுக்கு மருந்து விடியற்காலையில் போவதும் கிட்டே போவதும்தான்.

ஆனாலும் பறவைக்காரர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் ஓடும்போது வியூஃபைண்டரில் தெரியும் காட்சியும் நிற்கிறது. 500, 600-இல் கருவையின் முள்ளுக்குள் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியின் கண்ணில் ஃபோகஸ் புள்ளியை வைத்துப் பிடிக்க இது பெரிய உதவி. மார்கழி மூட்டத்தில் உழவு வயலில் நத்தை தேடும் நத்தைகுத்தி நாரை, கூட்டின்மேல் நிற்கும் கூழைக்கடா போன்றவை நின்று நிதானமாக இருக்கும் பறவைகள். 1/125-இல் அவற்றை எடுக்கலாம், அங்கே காசு வீண் போகாது.

வீடியோ எடுப்பவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. 200-க்கு மேல் கையில் வீடியோ பிடிப்பதாக இருந்தால் ஸ்டெபிலைசேஷன் இல்லாத லென்ஸைத் தொடவே வேண்டாம்.

உங்கள் படங்களைக் கேளுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு மாலை இதற்கு ஒதுக்குங்கள். இப்போதுள்ள லென்ஸின் கடைசி நீளத்தில், அதாவது 200 அல்லது 250-இல் எடுத்த படங்களை மட்டும் கணினியில் பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றின் ஷட்டர் ஸ்பீடும் கோப்பிலேயே பதிந்திருக்கும். மேலே சொன்ன விதிப்படி உங்கள் நீளத்துக்குரிய ஸ்பீடைவிடக் குறைவாக எடுத்தவற்றைத் தனியே வையுங்கள். அவற்றிலும் பொருள் அசையாமல் இருந்த படங்களை மட்டும் எண்ணுங்கள். மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் காசைக் கொடுங்கள். பத்தில் ஒன்றுகூட இல்லையென்றால் வேண்டாம். ஐஎஸ்ஓவை எப்போதும் ஆட்டோவில் விடுபவர்கள் ஐஎஸ்ஓ 6400-ஐத் தாண்டிய படங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அங்கே கேமரா ஸ்பீடைக் காப்பாற்றத்தான் இரைச்சலை ஏற்றியிருக்கிறது.

அடுத்தது உங்கள் கையின் அளவு. சுவரில் தினசரி காலண்டரை மாட்டுங்கள். ராகு காலம், எமகண்டம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்குமே, அதுதான் குறி. ஐந்து மீட்டர் தள்ளி நின்று, எதிலும் சாயாமல், 1/500-இல் பத்துப் படம் எடுங்கள். பிறகு 1/250, 1/125, 1/60, 1/30 என்று ஒவ்வொன்றிலும் பத்து. ஐஎஸ்ஓ தானாக மாறட்டும், அப்பர்ச்சர் மாறக் கூடாது. படத்தை நூறு சதவீதத்துக்கு விரித்து அந்த வரியை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். பத்தில் ஏழு தேறும் கடைசி ஸ்பீடுதான் உங்கள் எல்லை. சிலருக்கு 300-இல் 1/125 வரைகூட நிற்கும், சிலருக்கு 1/500-லேயே ஆடும். கடையில் வாங்க நினைக்கும் லென்ஸை மாட்டி, உங்கள் மெமரி கார்டைப் போட்டு, ஸ்டெபிலைசேஷனைப் போட்டு ஒரு தடவையும் அணைத்து ஒரு தடவையும் இதையே செய்தால், எத்தனை ஸ்டாப் உங்களுக்கு உண்மையில் கிடைக்கிறது என்பது கையில் வந்துவிடும்.

பாடிக்குள்ளேயே இருந்தால்

சில கேமராக்களில் சென்சாரே நகர்ந்து நடுக்கத்தைச் சமாளிக்கும். அது இருக்க லென்ஸிலும் எதற்கு என்று கேட்பது நியாயம். பதில் நீளத்தைப் பொறுத்தது. கேமரா அரை டிகிரி சாய்ந்தால் 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் 0.44 மி.மீ. நகரும். 300-இல் 2.6 மி.மீ., 600-இல் 5.2 மி.மீ. சென்சார் நகர உள்ளே இருக்கும் இடம் ஒருசில மில்லிமீட்டர்தான். ஆகவே 200 வரை பாடியில் இருப்பதே போதும், லென்ஸுக்குத் தனியாகக் காசு வேண்டாம். 300-இல் இருந்தால் நல்லது. 400-க்கு மேல் லென்ஸில் இருப்பதுதான் வேலை செய்யும்.

உங்கள் பாடியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பலர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேனான் ஆர்100, ஆர்50, ஆர்10 மூன்றிலும் கிடையாது, ஆர்7-இல் உண்டு. நிக்கான் இசட்50, இசட்30-இல் கிடையாது. சோனி ஏ6000, ஏ6400-இல் கிடையாது. நிக்கான், கேனான் டிஎஸ்எல்ஆர் எதிலுமே கிடையாது.

இது தெரியாமல் விழும் பள்ளங்கள் இரண்டு. கேனான் 2025-இல் கொண்டுவந்த ஆர்எஃப் 75-300-இல் ஐஎஸ் இல்லை. அதை ஆர்50-லோ ஆர்100-லோ மாட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. அதே பாடிக்கு ஐஎஸ் உள்ள ஆர்எஃப்-எஸ் 55-210 நீளம் குறைந்தாலும் கோயிலுக்குள் அதிகப் படம் தரும். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 635 கிராம் எடையுள்ள ஆர்எஃப் 100-400 ஐஎஸ் பேருந்தில் போய்வருபவர்களுக்கு ஏற்றது, ஆனால் 400-இல் எஃப் 8 என்பதால் வெளிச்சம் வேண்டும். இரண்டாவது பள்ளம் சோனி மவுண்டுக்கு டாம்ரான் செய்யும் 70-300 ஆர்எக்ஸ்டி. கண்ணாடி நன்றாக இருக்கும், விசி கிடையாது. ஃபுல் ஃபிரேம் ஏ7 வரிசையின் பின்வந்த பாடிகளில் சரி, ஏ6400-இல் சிரமம். டாம்ரானின் 70-180 எஃப் 2.8-இல் முதல் வடிவத்துக்கு விசி இல்லை, 2023-இல் வந்த இரண்டாவதில் உண்டு. கல்யாண மண்டப வேலைக்குப் பயன்படுத்துகிற பாடியில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் பழையதையே செகண்ட் ஹேண்டில் வாங்கலாம்.

ஸ்டெபிலைசேஷன் இல்லாமலும் கொண்டாடப்பட்ட லென்ஸ் ஒன்று சொல்ல வேண்டுமானால் கேனான் 400 எஃப் 5.6 எல். 1993-இல் வந்தது, ஐஎஸ் கடைசிவரை சேர்க்கவே இல்லை. 1,250 கிராம்தான், ஃபோகஸ் வேகம். வெயிலில் பறக்கும் நாரைகளை மட்டும் எடுப்பவருக்குச் செகண்ட் ஹேண்டில் இது கிடைத்தால் விடக் கூடாது. மண்டபத்துக்குள் இது கிட்டத்தட்டப் பயனற்றது.

அதே காசில் வேறு என்ன

அசையும் பொருள்தான் உங்கள் வேலை என்றால் காசு அப்பர்ச்சருக்குப் போகட்டும். நாட்டிய மேடைக்கு முன்வரிசை இடம் கிடைக்குமானால், விஆர் உள்ள 70-300-ஐவிட 85 மி.மீ. எஃப் 1.8 அதிகப் படம் தரும். எஃப் 5.6-க்கும் 1.8-க்கும் மூன்று ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். அது ஷட்டர் ஸ்பீடாகவே கிடைப்பதால் ஆடுபவரின் அசைவையும் நிறுத்தும்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து எடுப்பவருக்கு மோனோபாடும் தானியப் பையும் போதும். தடித்த காடாத் துணியில் ஒரு முழ நீளம், முக்கால் முழ அகலம் பை தைத்து, ஒரு பக்கம் ஜிப் வையுங்கள். உள்ளே நெல், முக்கால் பங்கு மட்டும். நிரம்பத் திணித்தால் லென்ஸ் உருளும். உமி வேண்டாம், எடை இல்லாததால் அமுங்கி ஒதுங்கிவிடும். வெறும் பையாக மடித்து எடுத்துப்போய், போன ஊரில் நெல் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். மதகுச் சுவர், கார் கதவின் கண்ணாடி இறங்கிய விளிம்பு, மதில் எதன்மேலும் இதைப் போட்டு லென்ஸைக் கிடத்தினால் 1/60 எளிதாகக் கிடைக்கும். மழை நாளில் நனைந்த நெல்லை அன்றே கொட்டிவிடுங்கள், முளைவிட்ட ஈரம் லென்ஸுக்கு ஆகாது.

வாங்கிய பிறகு வரும் கோளாறுகள்

பட்டனைப் பாதி அழுத்தி அரை நொடியாவது பொறுங்கள். கண்ணாடித் தொகுதி நிலைபெறுமுன் முழுதாக அழுத்தினால் இல்லாததைவிட மோசமாக ஆடும். புதிதாக வாங்கியவர்கள் "வேலை செய்யவில்லை" என்று திரும்பக் கொண்டுவருவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

டிரைபாடில் வைத்தால் அணைத்துவிடுங்கள். பழைய லென்ஸ்கள், முக்கியமாகக் கேனானின் முதல் 75-300 ஐஎஸ், முதல் 100-400 போன்றவை, அசைவே இல்லாத இடத்தில் தன் மோட்டாரின் அதிர்வையே ஆட்டமென்று எடுத்துக்கொண்டு பிம்பத்தை மிதக்கவிடும். புதியவை டிரைபாடைத் தானே கண்டுகொள்ளும் என்றாலும், நீண்ட எக்ஸ்போஷருக்கு அணைப்பதே பத்திரம்.

பறவையோடு சேர்த்து லென்ஸைத் திருப்பி எடுக்கும்போது மோட் 2 என்று இருந்தால் அதைப் போடுங்கள். அது மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் பார்க்கும். மோட் 1-இல் விட்டால் நீங்கள் திருப்புவதையே நடுக்கமென்று எடுத்து எதிர்ப்பக்கம் இழுக்கும்.

லென்ஸைக் கழற்றுமுன் கேமராவை அணைத்து, உள்ளே அந்த மெல்லிய உறுமல் நிற்கும்வரை பொறுங்கள். ஓடும்போதே கழற்றினால் கண்ணாடித் தொகுதி பூட்டப்படாமல் தொங்கும், பையில் குலுங்கி அடிபடும். நிக்கான் ஏஎஃப்-பி டிஎக்ஸ் லென்ஸில் விஆருக்கு வெளியே சுவிட்ச் கிடையாது, கேமரா மெனுவில்தான். பழைய நிக்கான் பாடிகள் சிலவற்றில் அந்த மெனு வராது. இன்னும் பழையவற்றில் ஏஎஃப்-பி ஃபோகஸே ஆகாது. உங்கள் பாடியில் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால்

ஸ்டெபிலைசேஷன் உள்ள பழைய லென்ஸில் கெட்டுப்போகும் பாகம் ஒன்று கூடுதல் என்பதை மறக்கக் கூடாது. குறைந்த விலை 55-250 போன்றவற்றில் அந்தத் தொகுதியை மாற்றும் செலவு லென்ஸின் செகண்ட் ஹேண்ட் விலையையே எட்டிப்பிடிக்கும். பழுதானதை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

கேமரா அணைந்திருக்கும்போது லென்ஸை மெல்ல ஆட்டினால் உள்ளே ஏதோ தட்டும் சத்தம் கேட்பது பல மாடல்களில் இயல்பு, அதற்காகப் பயப்படாதீர்கள். மாட்டி, பாதி அழுத்தி, வியூஃபைண்டரில் ஒரு மூலையைப் பாருங்கள். காட்சி ஒரு கணம் மெல்லத் துள்ளி, பிறகு தேனில் மிதப்பதுபோல் நிற்க வேண்டும். இடைவிடாமல் உதறினாலோ, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போனாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து, செங்கல் சுவர் ஒன்றை நேருக்கு நேர் 1/1000-இல், ஸ்டெபிலைசேஷன் போட்டும் அணைத்தும் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் கீழே விழுந்து தொகுதி இடம் பெயர்ந்திருக்கிறது.

கடைசியாக ஃபோன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். டெல்டாவின் ஈரக்காற்றில், அதிலும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து லென்ஸ்களில், சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை படர்ந்திருக்கும். முன்கண்ணாடியில் இருந்தால் துடைக்க வழியுண்டு. நடுவில் நகரும் தொகுதியில் இருந்தால் அதைப் பிரித்து மீண்டும் நேராக நிறுத்துவது எல்லாச் சர்வீஸ் கடையிலும் முடியாது. நல்லதாகக் கிடைத்தால் வாங்கி, அன்றிலிருந்தே காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் உறைக்குள்ளோ பீரோவிலோ வேண்டாம். மழைக்காலம் முழுக்க அங்கே ஈரம் தங்கும். மாதம் ஒருமுறை எடுத்து, ஸ்டெபிலைசேஷனை ஓரிரு நிமிடம் ஓடவிட்டுத் திரும்ப வையுங்கள்.